செல்லமுத்து என்ற கேசட்

மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்காருகிறேன். ரெக்கோடிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மைக்கை எங்கே வைப்பது, எந்தச் சத்தத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டரில் அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாத்தளை டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். கீழே கேசட் விற்போம், கேட்ட பாட்டைப் பதிந்து கொடுப்போம். மேல்மாடியில் முட்டைத் தட்டு ஒட்டிய ஒரு அறை. அதுதான் ஸ்டூடியோ. அங்கேயே தலை நரைத்து, அங்கிருந்தே வீட்டுக்குப் போனவன் நான்.

உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார், "ஐயா, பாட்ட ஒழுங்கா புடிச்சுக் குடுத்தா நம்ம வேலை முடிஞ்சிரும் தானே?" என்று. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அது ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி மிளகு, கராம்பு வியாபாரத்தில் வந்தவர். பாட்டுப் பைத்தியம். அவர் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மன் பாட்டோ, நாடகமோ, கல்யாண வீட்டு பாண்டோ, எந்தக் கேசட்டாக இருந்தாலும் முதல் பாட்டு பிள்ளையாருக்கு. அதைப் பதியாமல் மிஷினை அடுத்ததற்கு ஓட விடமாட்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் செல்லமுத்து எலெக்ட்ரிக் கிட்டாரோடு படியேறி வந்தான். தோள் வரைக்கும் முடி. ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்து அவனை வளர்த்தார். சீகிரியாவில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் ஒன்றில் பாண்ட் வாசிப்பதாகச் சொன்னான். அங்கே இங்கிலீஷ் பாட்டுத்தான். நாட்டுப் பிரச்சினையால் வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்துபோக, சும்மா இருந்த நேரத்தில் சொந்தமாகத் தமிழில் பாட்டுக் கட்டியிருந்தான்.

அந்தப் பாட்டுகளைக் கேட்டு நான் திகைத்துப் போனேன். தோட்டத்து ஆள் ஒருவன் நம் பேச்சில், கத்தி, உறுமி, அழாமல் பாடினான். அட்டை கடித்த காலைப் பற்றி ஒரு பாட்டு. நிறுத்தாமல் போகும் பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு. அவன் அம்மாவின் கொழுந்துக் கூடையைப் பற்றிய பாட்டில் தப்படி மாதிரியே ட்ரம்ஸ் அடிக்க வைத்தான். உடம்பு சிலிர்க்கும்.

"எல்லாம் சரி, பிள்ளையார் பாட்டு?" என்றார் முதலாளி.

"வச்சிருக்கேன் முதலாளி." கிட்டாரைச் சத்தமாக வைத்து ஆரம்பித்தான்.

"டேய், டேய்! பிள்ளையார் எந்திரிச்சு ஓடப் போறாருடா!"

"ஓட மாட்டாரு முதலாளி. தொந்தி விடாது."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் சிரிப்பையும் அடக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையார் பாட்டில் பக்தி இருந்தது. என் காது அதில் ஏமாறாது.

பாட்டெல்லாம் முடிந்ததும் கேசட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தது. முதலாளிக்கு 'மலைநாட்டுத் தென்றல்' மாதிரி ஏதாவது வேண்டும்.

"என் பேரு போதும்," என்றான் செல்லமுத்து.

"அது பாடினவன் பேருடா. கேசட்டுக்கு?"

"அதுவும் செல்லமுத்து தான். பாட்டுக்காரன் தன் பேரையே ரெக்கோட்டுக்கு வைக்கிறது உண்டு முதலாளி. ஹோட்டல்ல எத்தனை பாத்திருக்கேன்."

"யாரு இந்த செல்லமுத்துன்னு கேப்பானே?"

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் வைக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ஹோட்டல்ல எனக்குப் பேரு சார்லி. மனேஜர் வச்சது. செக்பொயின்ட்ல கேட்டா பாதிய முழுங்கிட்டு 'செல்லா'ன்னு சொல்றேன். ஒரு எடத்துலயாவது முழுசா இருக்கட்டுமே. படம், கீழ பேரு. வேற ஒரு எழுத்து வேணாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "போடுங்க முதலாளி" என்றேன். எனக்கு அவன் கேட்டது நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

உறையையும், கடைகளில் ஒட்டப் பெரிய போஸ்டரையும் டவுனில் எங்களுக்குப் பழக்கமான அச்சகத்தில் கொடுத்தோம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், சாவு நோட்டீஸ் எல்லாம் அடிக்கும் இடம். ஒரு ஆளின் கறுப்பு வெள்ளைப் படம், அதன் கீழே பெயர், வேறொன்றும் இல்லை என்றால் அந்த அச்சகத்தில் அது ஒரே ஒரு வகை வேலை. அச்சுக் கோக்கிறவரின் கை தானாகவே சுற்றிவரத் தடித்த கறுப்புக் கோட்டைப் போட்டுவிட்டது. நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

நான் போய் வாங்கி வந்தேன். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. செல்லமுத்து கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கறுப்பு! இதுதாண்ணே ரொக் மியூசிக்" என்றான். முதலாளிக்கும் பிடித்தது. பாட்டைக் கேட்டு ஊறிப்போன எங்கள் மூன்று பேருக்கும் அது பாட்டின் முகமாகவே தெரிந்தது. பாட்டைக் கேட்காத ஒருவனுக்கு என்னவாகத் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவன் அன்றைக்கே சீகிரியாவுக்கு வேலைக்குத் திரும்பினான். போஸ்டர்களை நாங்கள் பஸ் நிலையத்திலும் ரத்தோட்டைப் பாதையிலிருந்த கடைகளிலும் ஒட்டினோம். அவன் தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் ஒரு கடை. அதன் சுவரிலும் ஒன்று.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை என்றில்லை, வீட்டை விட்டுப் போன இளந்தாரிகள் பல பேர் திரும்பி வரவில்லை. பாலத்தடியில் எரிந்து கிடந்தவர்களை யார் என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. உடம்பு கிடைக்காத வீடுகளில் படத்தை வைத்துத்தான் அழுதார்கள். தம்புள்ளைப் பக்கம் பஸ் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. போஸ்டர் ஒட்டிய பிறகு செல்லமுத்துவிடமிருந்து எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. ஹோட்டலுக்கு டெலிபோன் கிடைக்கவில்லை.

ஒரு காலையில் அவன் தோட்டத்தில் தப்படிக்கும் கருப்பையா கடைக்கு வந்தார். தலையில் துண்டைக் கட்டியிருந்தார்.

"அண்ணே, நம்ம செல்லமுத்து கேத நோட்டீஸ் இன்னொன்னு இருக்குங்களா? கடைச் செவுத்துல இருந்தத உரிச்செடுத்தோம், ஓரமெல்லாம் கிழிஞ்சு போச்சு. மாலை போட ஒழுங்கா ஒண்ணு வேணும்."

"என்ன நோட்டீஸ்?"

"கேத நோட்டீஸ்ண்ணே. நீங்கதான ஒட்டினீங்க? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். சீனி வாங்க வந்த எடத்துல அவனப் பெத்தவ செவுத்தப் பாத்து தெரிஞ்சுக்கிற மாதிரி ஆகிப்போச்சு."

"கருப்பையா, அது கேசட்டுக்கு அடிச்சதுய்யா. பாட்டுக் கேசட்!"

"கேசட்டுன்னு எங்கண்ணே போட்டிருக்கு?"

ஒரு போஸ்டரை விரித்துப் பார்த்தேன். படம். பெயர். சுற்றிக் கறுப்புக் கோடு. அப்போதுதான் அதை முதல் தடவையாக வெளியாள் கண்ணால் பார்த்தேன்.

கருப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஆளு இருக்கானா? இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஓடிப்போய் நிப்பாட்டுறேன். நாளைக்கு வைக்கோல்ல ஆள் செஞ்சு, பேரச் சொல்லி எரிக்கப் போறாங்க. ஒடம்பு இல்லாத சாவு, தள்ளிப் போடக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு."

இருக்கிறான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முதலாளி என்னை உள்ளே இழுத்தார்.

"நீ பாத்தியா?"

"இல்ல முதலாளி."

"பேசினியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன தைரியத்துல சொல்லப் போற? நீ சொன்னத நம்பி அவங்க எந்திரிச்சு, அங்க போனா ஆளு இல்லன்னு ஆச்சுன்னா? அந்தத் தாய்க்கு ரெண்டு தரம் சாவு சொல்லணுமாடா? போ. கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு."

பிள்ளைகளே, அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. எனக்கு யோசிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். நான் வெளியே வந்து, "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன் கருப்பையா" என்றேன். என் தயக்கத்தில் ஆள் இல்லை என்றே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "சரிண்ணே" என்றார். நல்ல போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

தம்புள்ளைக்குக் காலியாகத் திரும்பிய மரக்கறி லொறி ஒன்றில் ஏறினேன். வழியெல்லாம் கந்த சஷ்டிக் கவசம் சொன்னேன். நாவுலையில் செக்பொயின்ட். என் பையில் அவன் கேசட் ஒன்று இருந்தது. ஆமிக்காரப் பையன் அதை எடுத்து உறையைப் பார்த்தான். "தம்பியா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். "எப்போது செத்தான்?" என்றான். நான் கேசட்டுக்குக் கையை நீட்டினேன். அவன் வேறெதுவும் கேட்காமல் இரண்டு கையாலும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

ஹோட்டலில் ஆள் நடமாட்டமே இல்லை. பின்பக்கம் போனேன். துணி துவைக்கும் இடத்தில் செல்லமுத்து இன்னொருவனோடு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தான். பாண்டுக்கு வேலை இல்லாததால் அந்த வேலை.

"என்னண்ணே இந்தப் பக்கம்? கேசட் முடிஞ்சிருச்சா? இன்னும் அடிக்கணுமா?"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நான் செத்துட்டேனா? ட்ரம்ஸ் யாரு, கருப்பையா மாமாவா?" என்றான். அப்புறம் "அம்மா?" என்று கேட்டான். அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை.

அதற்குள் ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்துதான் புறப்பட முடிந்தது. கிடைத்த வாகனத்தில் ஏறி, மிச்சத்தை நடந்து, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்துவிட்டது. ஆற்றோரம் சாம்பலுக்குப் பால் தெளித்திருந்தார்கள். காலையிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் அவனைக் கண்டதும் பொம்பளைகள் அலறினார்கள். அவன் அம்மா எழுந்து ஓடி வந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

"அங்கயே நில்லு."

"அம்மா, நான்தாம்மா."

"தெரியுது சாமி. உள்ள வராத. அங்கயே நில்லு."

பெற்ற பிள்ளையைத் தொட முடியாமல் இரண்டு கையையும் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு அவர் நின்றதை நான் எழுதிக் காட்ட முடியாது. பூசாரி வந்து சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி நெருப்பு வைத்தாகிவிட்டது, அந்தப் பெயர் அந்தக் கரைக்குப் போய்விட்டது. அதே பெயரோடு ஆள் வீட்டுக்குள் வந்தால், போனது திரும்பி வந்து ஆளையும் கூட்டிக்கொண்டு போகும். அவன் மறுபடி பிறக்க வேண்டும்.

இதை மூடநம்பிக்கை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த வருஷங்களில் காலன் எங்கள் வீட்டு வாசல்களிலேதான் நின்றான். அவனை ஏய்க்க ஒரு தாய்க்கு என்ன வழி கிடைத்தாலும் அவள் அதைப் பிடித்துக்கொள்வாள்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அது நடந்தது. செல்லமுத்துவின் தோள் முடியை மழித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிறந்த பிள்ளையைத் தவிடு பரப்பிய முறத்தில் கிடத்திக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, அம்மன் போட்ட பிச்சையாகத் தாய் திரும்ப வாங்குவது நம் ஆட்களின் வழக்கம்தானே. இவன் வளர்ந்த ஆள். முறத்தில் இரண்டு காலை மட்டும் வைத்து உட்கார்ந்தான்.

"பாத்துடா, மொறம் ஒடைஞ்சிரப் போகுது" என்றார் கருப்பையா. ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா குனிந்து, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி அவன் காதில் மூன்று தரம் சொன்னார். பிச்சைமுத்து, பிச்சைமுத்து, பிச்சைமுத்து. அதற்குப் பிறகுதான் அவனைத் தொட்டார். தொட்டதும் தரையில் விழுந்துவிட்டார்.

பழைய பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, எங்கேயும் ஒட்டக் கூடாது என்று கோயிலில் வைத்து எங்களிடம் வாக்கு வாங்கினார்கள். அந்தம்மா இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அந்த வாரமே அவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தான். 'செத்த பையன் கேசட்' இருக்கிறதா என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்படி விற்கச் சம்மதித்திருந்தால் எல்லாம் விற்றுப் போயிருக்கும். "மாரியம்மா கேப்பா" என்று சொல்லி முதலாளி எல்லாரையும் திருப்பி அனுப்பினார். பிறகு அவனிடம் சொன்னார்:

"நான் புதுசா உறை அடிக்கிறேன்டா. கறுப்புக் கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிச்சைமுத்துன்னு போடுவோம். அம்மாவுக்கும் சமாதானம், உன் பாட்டும் வெளிய வந்துரும்."

"பிச்சைமுத்து இன்னும் பாடவே இல்லையே முதலாளி. அவன் பொறந்தே ஒரு வாரம் ஆகல."

"பகிடி விடாத."

"பகிடி இல்ல. இதெல்லாம் செத்துப் போனவன் பாடினது. அவன் பேர்ல வரணும்னு பாடினது. இன்னொருத்தன் பேர்ல விக்கிறதுன்னா ஹோட்டல்லயே சார்லியா இருந்துருப்பேனே."

முதலாளி என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பது போல. அவன் கீழே போய் உறைகளை அள்ளி வந்தான். பின்பக்கம் வைத்து எரித்தான். மூல நாடாவை என்னிடம் கொடுத்து, "அம்மா சரின்னு சொல்ற அன்னைக்குப் பாப்போம்ணே. நான் கேக்க மாட்டேன். கேட்டா அவங்க பயந்துருவாங்க" என்றான். மறுபடி சீகிரியாவுக்குப் போய்விட்டான். சொந்தப் பாட்டு எதுவும் அதன் பிறகு அவன் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் நின்று இதை நினைத்திருக்கிறேன். முதலாளி சொன்னது சரி. பார்க்காமல் இருக்கிறான் என்று சொல்லக் கூடாது. ஆனால், "பொறுங்க, நான் வர்ற வரைக்கும் எதையும் எரிக்காதீங்க" என்று கருப்பையாவிடம் சொல்லியிருக்கலாமே. அது பொய்யும் இல்லை. யாருக்கும் வீண் ஆசை காட்டுவதும் இல்லை. ஆம் என்பதா இல்லை என்பதா என்று தவித்துக்கொண்டிருந்ததில், பொறுங்கள் என்ற சொல் எங்கள் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. உங்களையும் ஒரு நாள் ஒருவர் அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையில் பதில் கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஆனால் தெரியும்வரை எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு வேலை வெளியே போகும் முன்னால், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, இது என்னவென்று கேளுங்கள்.

சண்டை முடிந்த வருஷம் டவுனில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அப்போது காலமாகியிருந்தார். நாடாவைப் போட்டுப் பார்த்தேன், குரல் கெடாமல் இருந்தது. பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். ஹோட்டல் பாண்டெல்லாம் எப்போதோ நின்றுபோய், அவன் தோட்டத்துக்கே திரும்பி வந்திருந்தான். அம்மா வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வாளி கழுவிக்கொண்டிருந்தான். தலையில் பாதி வழுக்கை.

"அம்மா, சண்டை முடிஞ்சிருச்சு," என்றேன். "இனி அந்தக் கேசட்ட வெளிய விடலாமா? அந்தப் பேரோட?"

அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு முடிஞ்சிருச்சு தம்பி. எனக்கு அன்னைக்கு அடிச்ச தப்புச் சத்தம் இன்னும் நிக்கல."

நான் எழுந்திருக்கப் போனேன்.

"இருங்க," என்றார். "அவன் இத்தனை வருஷத்துல ஒரு தரம்கூட என்னைக் கேக்கல. கேக்காம இருந்ததுக்காகச் சொல்றேன். அவன் வேணும்னா நான் குறுக்க நிக்கல. கூப்பிட்டுக் கேளுங்க. அந்தப் பேரச் சொல்லியே கூப்பிடுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்று, அத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

"செல்லமுத்து!"

அவன் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான். தூரம் அதிகமில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்து லயத்தில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தது. அவன் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி பீலியில் வாளியைப் பிடித்தான்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, பேச்சுக் குரலிலேயே, "பிச்சை" என்றார்.

அவன் உடனே வாளியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அடே, அண்ணே! எப்ப வந்தீங்க? இப்ப யாரையோ கூப்பிட்டீங்களே, யாருண்ணே அது?"